ஒரு ஐஸ் ரிங்க்கைப் பார்க்கப் போன கதை

நாள் 1 – செண்டாய்

ஜப்பான் போகிறேன் என்றதும் ஆபீசில் எல்லோரும் ஃபூஜி மலையா என்றுதான் கேட்டார்கள். இல்லை, செண்டாய் என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்றார்கள். ஒரு ஐஸ் ரிங்க் இருக்கிறது என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

2014 பிப்ரவரியில் என் மகனுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை, வீட்டுக்கு யாரும் வரக்கூடாது, நாங்களும் வெளியே போகக்கூடாது. ராத்திரி அவனுக்கு அரிப்பில் தூக்கம் வராது, எனக்கு அவனால் தூக்கம் வராது. சேனல் மாற்றிக்கொண்டே போனதில் சோச்சி ஒலிம்பிக் மாட்டியது. கொடி மாதிரி மெலிந்த ஒரு பையன் ஐஸில் சுழன்றுகொண்டிருந்தான், விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். கடைசியில் அவனுக்கே தங்கம். "ரெண்டு தடவை விழுந்தவனுக்கு எப்படிம்மா ஃபர்ஸ்ட் பிரைஸ்?" என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் முதலில் இந்த விளையாட்டுக்குள் போனேன், அப்புறம் வெளியே வரவே இல்லை.

அந்தப் பையன் யுசுரு ஹன்யூ. அப்போது வயது 19. பதில் இதுதான்: போட்டி ரெண்டு ஆட்டம், ரெண்டின் மதிப்பெண்ணையும் கூட்டித்தான் முடிவு. முந்தைய நாள் ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய ஆட்டத்தில் அவர் 101.45 எடுத்திருந்தார். அதற்கு முன் ஷார்ட் புரோகிராமில் யாரும் நூறைத் தொட்டதே கிடையாது. மறுநாள் இவர் தடுமாறியபோது பின்னால் வந்த கனடாவின் பாட்ரிக் சானும் தடுமாறினார். மொத்தம் 280.09. ஆண்கள் தனிநபர் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆசியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். துணைக்கு அண்ணன் மகள். டோக்கியோவில் படிக்கிறாள், ஜப்பானிய மொழி பேசுவாள், ஸ்கேட்டிங் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. "அத்தை, நீங்க டிக்கெட் போடுங்க, நான் வழி சொல்றேன்" என்பதுதான் ஒப்பந்தம். டோக்கியோவிலிருந்து ஹயபுசா புல்லட் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். செண்டாய் நிலையத்திலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் சர்வதேச மைய நிலையம். அதற்குச் சற்று முன் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து ஹிரோசே ஆற்றைக் கடக்கிறது. அந்தச் சில விநாடிக்காக ஜன்னலோரம் நின்றேன்.

நிலையத்துக்கு வெளியே கண்ணாடியில் செதுக்கிய நினைவுச் சின்னங்கள். ஒன்று ஷிசுகா அரகாவாவுக்கு. 2006 டுரினில் தங்கம் வென்றவர், இதே ஊரில் வளர்ந்தவர். அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அவருடையது. இடுப்பை வில்லாகப் பின்னால் வளைத்துக்கொண்டு வழுக்கிப் போகும் அவருடைய இனா பாவர் நிலை கண்ணாடியில் இருக்கிறது. அந்த வளைவுக்கென்று தனியாக மதிப்பெண் கிடையாது, தெரிந்தேதான் செய்தார். மற்ற இரண்டும் ஹன்யூவுக்கு, 2017இல் ஒன்று, 2019இல் ஒன்று. மழைத்தூறல். எனக்கு முன்னால் ஒரு பாட்டி கைக்குட்டையால் கண்ணாடியில் இருந்த நீரைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏதோ பேரன் முகத்தைத் துடைப்பது போல. நானும் கொஞ்சம் துடைத்தேன். அண்ணன் மகள் தூரமாகப் போய் நின்றுகொண்டாள்.

பக்கத்திலேயே கோஷிகினுமா என்ற சின்னக் குளம். செண்டாய் கோட்டை அகழியின் மிச்சம். மெய்ஜி பேரரசர் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் உறைந்த குளத்தில் இங்கே சறுக்கியிருக்கிறார்கள். பிறகு 1909 வாக்கில் ஒரு ஜெர்மன் ஆசிரியர் இங்கிருந்த மேல்நிலைக் கல்விக்கூட மாணவர்களுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் கற்றுக்கொடுத்தார். ஜப்பானில் இந்த ஆட்டம் பிறந்த இடம் இதுதான் என்று சொல்லிக் கரையில் ஒரு ஜோடி ஸ்கேட்டர்களின் சிலையும் வைத்திருக்கிறார்கள். இன்றைக்குக் குளம் பச்சையாக, இலை மிதக்க, நம்மூர்க் கோயில் குளம் மாதிரிதான் இருந்தது.

சாப்பாடு: சைவம் என்றால் இங்கே பெரும்பாடு, குழம்பு, சாறு எல்லாவற்றிலும் மீன் வாசனை. காப்பாற்றியது சுண்டா மோச்சி. பச்சை சோயாப் பயறை மசித்துச் சர்க்கரை சேர்த்து, பிசுபிசுத்த அரிசி உருண்டை மேல் போட்டுத் தருகிறார்கள். பூரணத்தை வெளியே பூசிய கொழுக்கட்டை. நாலு சாப்பிட்டேன்.

நாள் 2 – ஐஸ் ரிங்க் செண்டாய்

முழங்கால் வீங்கியிருக்கிறது. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நம்போகு மெட்ரோவின் கடைசி நிலையம் இசுமி சூவோ. அங்கிருந்து டாக்சி. ஒலிம்பிக் சாம்பியன்கள் உருவான இடம் என்றால் என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் புறநகர்ச் சாலையோரம் ஒரு சாதாரணக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற ஈரக் குளிர், ரப்பர் விரிப்பின் வாசனை, காலணி வாடகை கவுண்டர். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஹன்யூவுக்கு இரண்டு வயதிலேயே ஆஸ்துமா. நாலு வயதில் அக்கா பின்னாலேயே ரிங்குக்கு வந்தவர். ரஷ்ய ஸ்கேட்டர் பிளஷென்கோ மாதிரி ஆக வேண்டும் என்று தலைமுடியைக்கூட அவர் போலக் காளான் வடிவில் வெட்டிக்கொண்டார். அவருக்குப் பத்து வயதாகும் நேரத்தில், 2004இல், பணப் பிரச்சினையால் இந்த ரிங்க்கை மூடிவிட்டார்கள். வேறு ரிங்குக்குப் போனார், பயிற்சி நேரம் சுருங்கிப்போனது. 2006இல் அரகாவா தங்கத்தோடு வந்தார், ரிங்க் இல்லாமல் பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள் என்று அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார், 2007இல் கதவு மறுபடி திறந்தது. ஒரு பதக்கம் திறந்த கதவு வழியாக அடுத்த பதக்கம் உள்ளே போயிருக்கிறது. பிற்பாடு ஹன்யூ தன் வாழ்க்கைக் கதைப் புத்தகத்தின் ராயல்டியை இந்த ரிங்குக்கே கொடுத்தார். சிலை வைக்க எல்லா ஊரும் முன்வரும், கரண்ட் பில் கட்டத்தான் ஆள் வேண்டும். கோடைக்காலம் முழுக்க ஒரு ஹால் அளவு ஐஸை உருகாமல் வைத்திருக்கும் செலவை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் நானும் ஷூ மாட்டினேன். 46 வயது, சமதரையிலேயே தடுக்கி விழுகிற ஜாதி. வாடகை ஷூவின் கத்தியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பத்து வருடம் டிவியில் பார்த்தும் புரியாத ஒன்று புரிந்தது. கத்தியின் அடி தட்டையாக இல்லை. நீளவாக்கில் நடுவே ஒரு பள்ளம், அதனால் உள்பக்கம் ஒரு விளிம்பு, வெளிப்பக்கம் ஒரு விளிம்பு. நிற்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு விளிம்பில்தான். லுட்ஸ், ஃபிலிப், லூப், சால்கோ என்று ஜம்ப்புகளைப் பெயர் பெயராகச் சொல்கிறார்களே, எந்த விளிம்பிலிருந்து எழும்புகிறார்கள், கத்தியின் முன்பக்கப் பற்களைக் குத்தி எழும்புகிறார்களா இல்லையா என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம். ஆக்ஸல் மட்டும் முகம் முன்னே பார்த்தபடி எழும்பி, பின்பக்கமாக இறங்குவது. அதனால் அரைச் சுற்று கூடுதல். நாலு சுற்று ஆக்ஸல் என்றால் உண்மையில் நாலரைச் சுற்று, அதுவும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில்.

இதையெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் மகளுக்கு விளக்கினேன். அவள் கேட்டபடியே கையை விட்டுவிட்டுச் சரசரவென்று போய்விட்டாள். நான் அரை ரவுண்டு தாண்டினேன். பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஐந்து வயசுக் குட்டி ஒன்று விழுந்தது, அழாமல் எழுந்து கையுறையில் ஒட்டிய ஐஸ் தூளைத் தட்டிவிட்டுப் போயிற்று. அதைத் திரும்பிப் பார்த்த நொடியில் நான் விழுந்தேன். ஐஸ் மென்மையாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சிமெண்டுத் தரைதான், குளிர்ந்த சிமெண்டுத் தரை.

விழுந்த இடத்தில் உட்கார்ந்தபோது கூரையைப் பார்த்தேன். 2011 மார்ச் 11, மதியம் 2.46. 16 வயது ஹன்யூ இந்தக் கூரைக்குக் கீழேதான் பயிற்சியில் இருந்தார். 9.0 அளவு நிலநடுக்கம். ஸ்கேட்டிங் ஷூவைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அப்படியே வெளியே ஓடினார். ஐஸுக்காகத் தீட்டிய கத்தி தார்ச் சாலையில் பட்டால் பாழ், எந்த ஸ்கேட்டரும் கனவிலும் செய்யாத காரியம். வீடு சேதம், சில நாள் குடும்பத்தோடு முகாமில். ரிங்க் மறுபடி மூடல்.

நாள் 3 – அரஹாமா, ரிஃபு

இன்றைக்கு எழுத மனமில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மெட்ரோ கிழக்கே முடியும் அராய் நிலையத்திலிருந்து பஸ்ஸில் கடற்கரைக்குப் போனால் அரஹாமா தொடக்கப்பள்ளி. இப்போது அங்கே யாரும் படிப்பதில்லை. 2011இல் சுனாமி முதல் மாடி வரை ஏறியது. பிள்ளைகள், ஆசிரியர்கள், ஊர்க்காரர்கள் என்று 320 பேர் மேல்தளத்தில் ஏறி உயிர் பிழைத்தார்கள். முறுக்கிய கம்பிகளையும் பெயர்ந்த சுவரையும் அப்படியே விட்டுவைத்து 2017 முதல் பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். வெளியே வீடுகளின் அஸ்திவாரங்கள் மட்டும் வரிசையாக. எது சமையலறை, எது குளியலறை என்று கோடு பார்த்தே சொல்லிவிடலாம்.

என் மாமியார் வீடு நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை. பள்ளி மாடியில் நின்று கடலைப் பார்த்தபோது அண்ணன் மகள் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது ரெண்டு வயசு, எதுவும் நினைவிருக்காது.

திரும்பும்போது ரிஃபு ஊர் அரங்கை வெளியிலிருந்து மட்டும் பார்த்தோம், அன்று நிகழ்ச்சி எதுவும் இல்லை. செகிசுயி ஹைம் சூப்பர் அரீனா. 2011 பேரழிவுக்குப் பின் இறந்தவர்களின் உடல்களை வைத்த இடம் இது. போட்டியிலிருந்து விலகி எட்டு மாதம் கழித்து, 2023 மார்ச் 10 முதல் 12 வரை, ஹன்யூ இதற்குள் ஐஸ் போட்டு ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நோட்டே ஸ்டெல்லாட்டா, இத்தாலிய மொழியில் நட்சத்திர இரவு. மின்சாரம் போய் ஊரே இருண்டுகிடந்த அந்த மார்ச் இரவில் வானம் முழுக்க நட்சத்திரம் பார்த்தாராம். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் கோஹெய் உச்சிமுராவைத் தரையில் ஆடவைத்து, அதே நேரத்தில் தான் ஐஸில் ஆடினார். வீடியோவில் பார்த்தபோது நன்றாக இருக்கிறது என்று நினைத்ததோடு சரி. இந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்ற பிறகுதான், தன் ஊர்ப் பிணங்கள் கிடந்த தரையில் ஆட எந்த மாதிரி நெஞ்சு வேண்டும் என்று தோன்றியது. அதைத் துணிச்சல் என்று சொல்லவும் முடியவில்லை. நாம் திதி கொடுப்பது போல ஏதோ ஒன்று.

நாள் 4 – கோபே, கியோட்டோ

அதிகாலையில் கிளம்பி டோக்கியோவில் மாறி, மதியம் கோபே. இந்த நீண்ட ரயில் பயணத்தில் அண்ணன் மகள் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டாள். "அத்தை, தலையில கட்டுப் போட்டுக்கிட்டு ஆடுற வீடியோ ஒண்ணு இருக்கே, அது இவர்தானா?" இவர்தான். 2014 நவம்பர், ஷாங்காய். வார்ம்-அப்பில் சீனாவின் ஹான் யானோடு முழு வேகத்தில் மோதி விழுந்தார். தலையிலும் தாடையிலும் ரத்தம். கட்டுப் போட்டு இறங்கி, ஐந்து முறை விழுந்து, இரண்டாம் இடம் வாங்கினார். இதை வீரம் என்று மெய்சிலிர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தலையில் அடிபட்ட 19 வயதுப் பிள்ளை ஆடுகிறேன் என்றுதான் சொல்லும், சுற்றி இருந்த பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ரசிகைதான், அதற்காக எல்லாவற்றுக்கும் கை தட்ட முடியாது.

கோபேயில் மிகாகே பக்கம் யுசுருஹா கோயில். யுசுரு ஹன்யூ என்று எழுதும் எழுத்துகளும் இந்தக் கோயில் பெயரின் எழுத்துகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் ரசிகர்கள் குவிகிறார்கள். மூன்று கால் காக்கை இங்கே சின்னம், ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் சின்னமும் அதுதான் என்பதால் கால்பந்து ரசிகர்களும் வருவார்கள், கருங்கல்லில் ஒரு பந்துகூட இருக்கிறது. கோபேவுக்கு நான் வந்த காரணம் பெயர்ப் பொருத்தம் மட்டும் இல்லை. 1995இல் நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஊர் இது. 2011 ஏப்ரலில், செண்டாய் சிதைந்து ஒரு மாதம்கூட ஆகாதபோது, வடகிழக்குக்காக இங்கே ஒரு நிதி திரட்டும் ஐஸ் ஷோ நடத்தினார்கள். ரிங்க் இல்லாத ஹன்யூ வந்து ஆடினார். அந்த வருடம் ஊர் ஊராகச் சுமார் அறுபது ஷோ, ஷோதான் பயிற்சியே. மறு வருடம் நீஸ் நகரில் உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலம், வயது 17. பிறகு டொரண்டோவுக்குப் போய் பிரையன் ஆர்சரிடம் சேர்ந்தார்.

மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுகிற வழக்கம் இங்கே உண்டு, எமா என்பார்கள். நானும் ஒன்று வாங்கித் தமிழில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று அண்ணன் மகள் கேட்டாள், சொல்லவில்லை. அவள் தமிழ் படிப்பாள் என்பதை மறந்துவிட்டேன். "முழங்கால் சீக்கிரம் சரியாகணும்னா எழுதுவாங்க?" என்று ரயிலேறும் வரை சிரித்தாள்.

மாலை கியோட்டோ, செய்மெய் கோயில். அபே நோ செய்மெய் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆள், பஞ்சாங்கம் பார்க்கிற அரசவை ஜோதிடரும் பேய் விரட்டுகிற மாந்திரீகரும் ஒன்றாகச் சேர்ந்தவர். வாயில் முகப்பில் ஐந்து முனை நட்சத்திரம். அவரை வைத்து ஹன்யூ ஆடிய ஆட்டத்துக்கும் செய்மெய் என்றுதான் பெயர். 2015 நவம்பரில் நாகானோவில் மொத்தம் 322.40, இரண்டே வாரத்தில் பார்சிலோனாவில் 330.43. முந்நூறைத் தாண்டிய முதல் ஆள் அவர், தாண்டியதோடு நிற்கவில்லை. அதுவரை நான் புல்லாங்குழலும் மேளமும் வைத்து ஐஸில் ஆடிப் பார்த்ததில்லை. முதல் தடவை கேட்டபோது நம்ம ஊர் ஒலி மாதிரி ஒரு சொந்தம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

2017 நவம்பரில் ஒசாகாவில் பயிற்சியின்போது நாலு சுற்று லுட்ஸில் வலது கணுக்கால் போயிற்று. மூன்று மாதத்தில் ஒலிம்பிக். இடையில் ஒரு போட்டியும் ஆடாமல் நேராக வந்து இறங்கி, அதே செய்மெய்யை ஆடித் தங்கம் வாங்கினார், மொத்தம் 317.85. ஆண்கள் பிரிவில் அடுத்தடுத்து இரண்டு தங்கம் என்பது 1952இல் டிக் பட்டனுக்குப் பிறகு 66 வருடம் நடக்காத விஷயம். ஐஸ் முழுக்க ரசிகர்கள் எறிந்த வின்னி-தி-பூ என்ற மஞ்சள் கரடி பொம்மைகள் மழையாக விழுந்தன. என் மகன் அப்போது பத்தாவது, ரிவிஷன் எக்ஸாமை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

நாள் 5 – டோக்கியோ

ராத்திரி விமானம். பகலில் டோக்கியோ டோம் போனோம். பேஸ்பால் மைதானம், வெள்ளைக் கூரை, உள்ளே போகவில்லை.

2022 பெய்ஜிங்கை நினைத்தால் இன்னும் கோபம் வரும். யார் மேல் என்றுதான் தெரியாது. ஷார்ட் புரோகிராமில் முதல் ஜம்ப், நாலு சுற்று சால்கோ. எழும்புகிற இடத்தில் ஐஸில் ஏற்கெனவே ஒரு குழி. கத்தி அதில் மாட்டி, நாலு சுற்று ஒரு சுற்றானது. எட்டாம் இடம். அத்தனை வருடப் பயிற்சியும் யாரோ முன்னால் ஆடியவர் குத்திவிட்டுப் போன விரல்கடைப் பள்ளத்தில் விழுந்தது. பிப்ரவரி 10 அன்று ஃப்ரீ ஸ்கேட்டிங், அதாவது இரண்டாவது, நீண்ட ஆட்டம். எடுத்ததும் நாலரைச் சுற்று ஆக்ஸல். சுற்று முழுதாக முடியவில்லை, விழுந்தார். ஆனாலும் போட்டியில் நாலு சுற்று ஆக்ஸல் என்று முதல் முறையாகப் பதிவானது அதுதான். மொத்தம் 283.21, நாலாம் இடம். ஏழு மாதம் கழித்து அமெரிக்காவின் இல்யா மாலினின் அதைச் சுத்தமாக இறக்கிக் காட்டினார். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஜூலையில் இனி தொழில்முறை ஸ்கேட்டர் என்று அறிவித்தபோது ரிட்டயர்மெண்ட் என்று நம் பேப்பர்களும் போட்டன. ரிட்டயர்மெண்ட் என்றால் நமக்குத் தெரிந்தது சால்வை, மாலை, குரூப் போட்டோ, மறுநாளிலிருந்து வாக்கிங். இவர் ஏழே மாதத்தில், 2023 பிப்ரவரி 26 அன்று, இந்த டோமில் ஐஸ் போட்டு 35,000 பேர் முன்னால் தனியாக ஆடினார். ஒரு ஸ்கேட்டர் இங்கே தனி நிகழ்ச்சி நடத்தியது அதுதான் முதல் முறை.

அந்த நிகழ்ச்சியில் நடுவே ஒரு ஆறு நிமிடம் வருகிறது. போட்டிகளில் ஆட்டத்துக்கு முன் எல்லோருமாக இறங்கிப் பழகிப்பார்க்கும் ஆறு நிமிட வார்ம்-அப் உண்டு. ஷோவில் அதற்கு வேலையே இல்லை. மார்க் போட நடுவர் இல்லை, பக்கத்தில் வேறு போட்டியாளரும் இல்லை. ஹன்யூ ஜாக்கெட் போட்டுக்கொண்டு தனியாளாக இறங்கி, ஆறு நிமிடம் ஜம்ப் பழகினார். பிறகு பெய்ஜிங்கில் ஆடிய அதே ஷார்ட் புரோகிராம். அதே சால்கோ. குழி இல்லை, இறங்கினார்.

டோம் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து இதை நான் சொல்ல, அண்ணன் மகள் போனில் அந்த இடத்தைத் தேடி எடுத்துவிட்டாள். நாலு சுற்று என்று எண்ண முடியாமல் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். "செண்டாய்ல நாம விழுந்த ஐஸ்தானே இவருக்கும்" என்றாள்.

நாம இல்லை, நான் மட்டும்தான் விழுந்தேன் என்று திருத்தினேன். ஏர்போர்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பெட்டியை அவள்தான் இழுத்தாள்.